கர்ண மோட்சம்: நன்மையும் தீமையும் ஓருடலில்

துன்பியல் நாடகம் என்றதும் நம்மில் படித்தவர்கள் கிரேக்கத்தையும் இங்கிலாந்தையும் நோக்குவது வழக்கமாகிவிட்டது. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டை 'அமலாதித்யன்' ஆகவும், மாக்பெத்தை 'மகபதி' ஆகவும் பம்மல் சம்பந்த முதலியார் தமிழ் மேடைக்குக் கொண்டுவந்தார். அத்தொண்டினை நாம் நன்றியுடன் நினைக்கிறோம். ஆயினும் அவர் பேனா எடுப்பதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே, கல்லூரி வாசலை மிதித்திராத மக்கள் இரவு முழுவதும் விழித்திருந்து கண்ட துன்பியல் நாடகம் ஒன்று நம் மண்ணில் இருந்தது; இன்றும் இருக்கிறது. தெருக்கூத்துக் கலைஞர்கள் ஆடும் 'கர்ண மோட்சம்' என்பதே அது.

புகழேந்திப் புலவர் பெயரால் வழங்கும் நாடகம் இது. நளவெண்பா பாடிய புகழேந்திதாம் இதையும் பாடினார் என்று கொள்வதற்கில்லை. நாட்டு வழக்கில் வளர்ந்த பல பாடல்களுக்கும் கதைகளுக்கும் அப்பெரும் பெயரைச் சூட்டிவிடுவது நம் மரபு. இத்தகைய நூல்களைச் சென்னைக் குஜிலிக் கடைவீதி அச்சகங்கள் மலிவு விலையில் அச்சிட்டு நாடெங்கும் பரப்பின. அவற்றை இலக்கியமென ஏற்கப் பண்டிதர்கள் தயங்கினர். பண்டிதர்களின் தயக்கம் பாமரரைத் தடுக்கவில்லை.

இந்நாடகத்தில் நன்மையும் தீமையும் எவ்வாறு நிற்கின்றன என்பதை ஆராய்வதே நம் நோக்கம். மதத்தால் வேறுபட்ட நமக்கு மகாபாரதக் கூத்தில் என்ன வேலை என்று வாசகர் சிலர் கேட்கக்கூடும். அலிபாதுஷா நாடகம், அப்பாசு நாடகம் போன்றவற்றைக் கூத்து முறையில் யாத்துக் கொண்ட சமுதாயம் நம்முடையது. அந்த மேடை நமக்கு அயலானதன்று. மேலும், நல்லவன் ஒருவன் தீமையின் பக்கம் நிற்க நேர்வது எந்த மதத்தாருக்கும் அயலான செய்தியன்று.

ஆடப்படும் இடமும் காலமும்

ஒரு நாடகத்தின் பொருளை உணர, அது எங்கே, எப்போது ஆடப்படுகிறது என்பதையும் அறிதல் வேண்டும். தொண்டை மண்டலத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதத் திருவிழா நடைபெறும் நாட்களில், பகலில் வில்லிபாரதம் வாசிக்கப்படும். இரவில் கூத்து நடைபெறும். பதினேழாம் நாள் போரில் கர்ணன் மாள்கிறான். ஆகவே கர்ண மோட்சம் விழாவின் இறுதிக் கட்டத்தில், பதினெட்டாம் போருக்கு முந்திய கூத்தாக அமைகிறது. அதன்பின் துரியோதனன் மண்ணுருவாய்ப் படுகளத்தில் கிடப்பான். தீமிதியோடு விழா நிறைவுறும்.

இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் எனக் கடலோரமாக நீளும் இத்தொழிற்பகுதிக்கு அந்தக் கூத்து வெளியிலிருந்து வந்த வேடிக்கையன்று. 1856-இல் இராயபுரத்தில் தென்னிந்தியாவின் முதல் இரயில் நிலையம் திறக்கப்பட்டது. 1881 முதல் துறைமுகம் இயங்கிற்று. ஆலைகளும் பட்டறைகளும் தொடர்ந்தன. அவற்றில் உழைக்க வந்தவர்களில் கணிசமானோர் செங்கல்பட்டு, வடஆற்காடு மாவட்டங்களின் சிற்றூர்களைச் சேர்ந்தவர்கள். மூட்டை முடிச்சுகளோடு அவர்கள் தங்கள் கதைகளையும் கொண்டு வந்தார்கள். மீஞ்சூர், பொன்னேரி என வடக்கே செல்லச் செல்ல, கூத்து அந்த நிலத்துக்கே உரியதாகிவிடுகிறது.

இங்கே இரு செய்திகள் நம் சிந்தனைக்குரியவை. ஒன்று: விழா திரௌபதிக்கு உரியது. சூதாட்ட சபையில் அவள் இழிவுபடுத்தப்பட்டபோது, அவளுக்காக வாதாடிய விகர்ணனை மறுத்துப் பேசியவன் கர்ணன். அப்படிப்பட்டவனுடைய சாவை அவள் கோயில் முன்னரே ஆடுகிறார்கள். அவள் அடியவர்களே அழுகிறார்கள். மற்றொன்று: வடதமிழ்நாட்டில் ஒருவர் இறந்தால், கருமாதிச் சடங்கையொட்டி இரவில் கர்ண மோட்சம் ஆடச்செய்யும் வழக்கம் உண்டு. தருமனின் வெற்றியையோ அர்ச்சுனனின் வீரத்தையோ அவர்கள் கேட்பதில்லை. தம் தந்தையையும் தமையனையும் வழியனுப்ப, தோற்ற பக்கத்தில் நின்று மாண்டவனையே துணைக்கு அழைக்கிறார்கள். இவ்விரண்டையும் விளக்காத எந்தத் திறனாய்வும் இந்நாடகத்தை விளக்கியதாகாது.

கதையின் அமைப்பு

கட்டியக்காரன் வருகிறான், திரை பிடிக்கப்படுகிறது, மிருதங்கமும் முகவீணையும் ஆர்மோனியமும் முழங்கக் கிரீடமும் புஜக்கட்டையும் அணிந்த கர்ணன் திரைக்குப் பின்னிருந்து வெளிப்படுகிறான். சாகப்போகிறான் என்பது கூட்டத்தில் குழந்தைக்கும் தெரியும். எனவே 'என்ன நடக்கும்' என்ற ஆவலுக்கு இங்கே இடமில்லை. 'எவ்வாறு தாங்கப் போகிறான்' என்பதே இரவு முழுவதும் மக்களை உட்கார வைக்கிறது.

போருக்குப் புறப்படுமுன் மனைவி பொன்னுருவியிடம் அவன் விடைபெறும் காட்சி, தமிழ்க் கூத்தின் தனிச் செல்வம். தேரோட்டி மகன், குலம் குறைந்தவன் என்று கணவனை இகழ்ந்தவளாகவே பொன்னுருவியை நம் நாட்டு வழக்கு காட்டுகிறது. சபையில் பட்ட அவமானம் வீட்டிலும் தொடர்கிறது. உலகுக்கெல்லாம் வாரி வழங்கியவனுக்கு இல்லத்தில் ஒரு பிடி மதிப்புக் கிடைக்கவில்லை. அவன் பிறப்பின் உண்மை வெளிப்படும்போது, அவளுக்கு எஞ்சியிருப்பது பிரிவு மட்டுமே.

அடுத்து களம். தேரோட்டியாக வந்த சல்லியன் மனம் ஒட்டாதவன். தேர்ச் சக்கரம் மண்ணில் புதைகிறது. வீழ்ந்து கிடக்கும் கர்ணனிடம் கண்ணன் முதிய அந்தணனாக வந்து, அவன் செய்த புண்ணியம் அனைத்தையும் தானமாகக் கேட்கிறான். நீர் வார்க்க வழியில்லை. தன் குருதியையே வார்த்துக் கொடுக்கிறான் கர்ணன். வியாச பாரதத்தில் காணப்படாத இந்நிகழ்ச்சியை வில்லிபுத்தூரார் பாடியுள்ளார். தமிழ்க் கூத்து அதனை உச்சக் காட்சியாக்கிக் கொண்டது. இறுதியில் குந்தி ஓடிவந்து மகனை மடியில் ஏந்திப் புலம்புகிறாள். தாம் கொன்றது தம் மூத்தவனை என்று பாண்டவர் அறிகின்றனர்.

நாடகத்தில் நாயகன் மடிவதை வடமொழி நாடக இலக்கணம் விரும்புவதில்லை. பாசனின் 'கர்ணபாரம்' இந்திரனுக்குக் கவச குண்டலங்களை ஈந்து கர்ணன் போருக்குச் செல்வதோடு நின்றுவிடுகிறது. 'ஊருபங்க'த்தில் துரியோதனனை மேடையிலேயே சாகவிட்ட பாசனை விதிவிலக்கு என்றே கூறுவர். தமிழ்க் கூத்துக்கு அந்தக் கூச்சம் இல்லை. இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கனையும் அழுகையின் நிலைக்களனாகத் தொல்காப்பியர் வகுத்தார். பிறப்பால் இளிவு, உயிரின் இழவு, நிலைகுலைந்த அசைவு, புண்ணியமும் தீர்ந்துபோன வறுமை என இந்நான்கும் கர்ணன் ஒருவனிடம் வந்து கூடுவதை வாசகர் காணலாம்.

எது நன்மை, எது தீமை?

இனி நம் கேள்விக்கு வருவோம். ஷேக்ஸ்பியரின் மாக்பெத் ஆசைக்கு இடங்கொடுத்துத் தீமையை அறிந்தே செய்கிறான். தன் நன்மையைத் தானே கொல்கிறான். 'ஒதெல்லோ'வில் தீமை இயாகோ என்ற தனி மனிதனாக வெளியே நிற்கிறது. அவனைச் சுட்டிக்காட்டி நாம் ஆறுதல் அடையலாம். கர்ணனிடம் இவ்விரு வழிகளும் அடைபடுகின்றன. அவன் ஆசையால் கெட்டவனல்லன். அரசே தருகிறோம் என்று அழைத்தபோதும் மறுத்தவன். அவனை ஏமாற்றிய இயாகோவும் இல்லை. துரியோதனன் அவனுக்கு உண்மையான நண்பன்.

அப்படியாயின் அவனைத் தீமையின் பக்கம் நிறுத்தியது எது? அவனுடைய நன்மையேதான். செய்ந்நன்றி மறவாமை அவனைத் துரியோதனனோடு பிணைத்தது. கேட்டவர்க்கு இல்லையென்னாத கொடை அவன் கவசத்தைப் பறித்தது. பெற்ற தாய்க்குக் கொடுத்த வாக்கு, நாகாத்திரத்தை இரண்டாம் முறை தொடவிடாமல் அவன் கையைக் கட்டியது. முடிவில், செய்த அறமெல்லாம் அறத்தாலேயே கையை விட்டுப் போயிற்று. பகைவரின் அம்புகள் உடலைத் துளைத்தன; உயிரை எடுத்தவை அவனுடைய நற்குணங்களே.

நியாயமும் அநியாயமும் மோதுவதைவிட நியாயமும் நியாயமும் மோதுவதே துன்பியலின் உயிர் என்று ஜெர்மானிய அறிஞர் ஹெகல் கருதினார். முற்றும் நல்லவனோ முற்றும் தீயவனோ அல்லாத ஒருவன் பிழையொன்றால் வீழ்வதே துன்பியலுக்கு ஏற்றது என்றார் அரிஸ்டாட்டில். கர்ண மோட்சம் இரண்டு அளவைகளுக்கும் ஈடு கொடுக்கிறது. ஒரு படி மேலேயும் செல்கிறது. இங்கே நன்மையின் பக்கத்திலும் கறை உண்டு. அரங்கேற்ற நாளில் வில்லேந்தி வந்த இளைஞனிடம் திறமையைப் பாராமல் குலத்தைக் கேட்டவர்கள் யார்? தருமத்தின் தரப்பினரே. அந்த நாளில் அவனுக்கு அங்க நாட்டைக் கொடுத்து அருகில் அமர்த்தியவன் துரியோதனன். பெற்ற தாய் அவனை மகனே என்று அழைக்க வந்தது, போர் நெருங்கிய பிறகு. மதிப்பு தேவைப்பட்ட நாளில் அதை மறுத்தவர்கள், அம்பு தேவைப்படாத நாளில் உறவு கொண்டாட வந்தனர். கர்ணனைத் தீமைக்கு ஈந்தது நன்மையின் செருக்கு என்று இந்நாடகம் நம்மை எண்ணச் செய்கிறது.

திருவொற்றியூர் தலத்தோடு பிணைந்த கதையொன்றை ஈண்டு ஒப்பிடலாம். பிரியேன் என்று மகிழ மரத்தடியில் சங்கிலியாருக்குச் சத்தியம் செய்து, அதனை மீறிய சுந்தரர் கண்ணொளி இழந்ததாகப் பெரிய புராணம் கூறும். வாக்கை மீறியவருக்கு அங்கே பார்வை போயிற்று. வாக்கை மீறாதவனுக்கு இங்கே உயிர் போயிற்று. முன்னது பக்திக் கதை. அங்கே பார்வை மீண்டும் கிடைக்கும். பின்னது துன்பியல், அங்கே போனது போனதுதான்.

கொடையும் நிய்யத்தும்

கொடை என்றால் தமிழர் நாவில் கர்ணனோடு வந்து நிற்கும் பெயர் நம் சீதக்காதி வள்ளலுடையது. உமறுப் புலவரை ஆதரித்துச் சீறாப்புராணம் தோன்றத் துணைநின்ற கீழக்கரைப் பெருமகன் அவர். இறந்த பின்னும் கப்றிலிருந்து கையை நீட்டிப் புலவருக்கு மோதிரம் ஈந்தார் என்று மக்கள் கதை கட்டினர். உயிர் பிரியும்போது கர்ணனும் உயிர் பிரிந்தபின் சீதக்காதியும் கொடுத்ததாகக் கூறும் கதைகள், ஒரே தமிழ் நெஞ்சிலிருந்து பிறந்தவை.

ஆனால் ஒரு வேறுபாட்டை நாம் மறத்தல் கூடாது. சீதக்காதியின் கொடை எந்த அநியாயத்துக்கும் அரணாக நிற்கவில்லை. கர்ணனின் நட்பு நின்றது. செயலின் மதிப்பை நிய்யத்தைக் கொண்டு அளப்பது நம் மார்க்கத்தின் அளவுகோல். அந்த அளவில் கர்ணனின் உள்ளம் தூயது என்பதில் ஐயமில்லை. எனினும் அதே மார்க்கம் மற்றோர் எல்லையையும் வகுத்துள்ளது: படைத்தவனுக்கு மாறு செய்வதில் படைப்பினத்துக்குக் கீழ்ப்படிதல் இல்லை. நன்றி பெரிது, நன்றிக்கும் வரம்பு உண்டு. சோறிட்டவனுக்கு உயிரைக் கொடுக்கலாம். மற்றொருத்தியின் மானத்தைக் கொடுக்க நமக்கு உரிமையில்லை. கர்ணன் செஞ்சோற்றுக் கடனைத் தன் உயிரால் மட்டும் தீர்த்திருந்தால் அவன் வீரன். திரௌபதியின் மானத்தாலும் அபிமன்யுவின் இளமையாலும் அதில் ஒரு பகுதியைத் தீர்த்தான். அதனால்தான் அவன் துன்பியல் நாயகன்.

ஆலை வாசலில் கர்ணன்

இது ஏட்டில் மட்டும் உள்ள சிக்கலன்று. வடசென்னையின் தொழிலாளர் வரலாறே இதற்குச் சான்று. 1918-இல் வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்ற சென்னைத் தொழிலாளர் சங்கம், இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று போற்றப்படுகிறது. பெரம்பூர் பக்கிங்காம் கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களே அதன் முதுகெலும்பு. 1921-இல் அவ்வாலையில் நீண்ட வேலைநிறுத்தம் நடந்தது. சாதி இந்துத் தொழிலாளரும் முஸ்லிம் தொழிலாளரும் வெளியே நின்றனர். ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குச் சென்றனர். புளியந்தோப்பில் மோதல்கள் மூண்டன, குடிசைகள் எரிந்தன, உயிர்கள் போயின.

அன்றைய மேடைப் பேச்சில் வேலைக்குச் சென்றவர்கள் துரோகிகள். இன்று நிதானமாக எண்ணிப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. ஒரு நாள் கூலி நின்றால் மறுநாள் உலை வைக்க வழியற்றவர்கள் அவர்கள். தங்களைத் தெருவில் நடக்கவிடாதவர்களின் இனத்தார், 'நாமெல்லாம் சகோதரர்' என்று ஆலை வாசலில் நின்று அழைத்தபோது, அக்குரலை அவர்கள் எப்படி நம்புவார்கள்? போர் நெருங்கிய பின் மகனே என்று அழைத்த குந்தியின் குரல்தானே அது? வேலைநிறுத்தத்தின் கோரிக்கை நியாயமானது. அதிலிருந்து விலகி நின்றவர்களின் மனக்காயமும் நியாயமானது. நியாயங்கள் இரண்டும் புளியந்தோப்பில் மோதிக் கொண்டன. இலாபம் ஆலை முதலாளிக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த மோதலில் நம் சமுதாயத்தாரும் ஒரு பக்கம் நின்றார்கள் என்பதை மறைக்காமல் சொல்வதே நேர்மை. ஆலை 1996-இல் மூடப்பட்டது. அது எழுப்பிய கேள்வி மூடப்படவில்லை.

இப்பகுதியில் கர்ணனைக் கண்டு மக்கள் ஏன் இவ்வளவு அழுகிறார்கள் என்பது இப்போது விளங்கும். உழைக்கும் மனிதனுக்குப் பக்கத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி பல வேளைகளில் கிடைப்பதில்லை. யார் முதலில் சோறு போட்டாரோ, யார் முதலில் பெயர் சொல்லி அழைத்தாரோ, அவர் பக்கத்தில் அவன் நின்றுவிடுகிறான். வாழ்நாளெல்லாம் அப்படி நின்று மாண்ட தந்தைக்காக மகன் கர்ண மோட்சம் ஆடச் சொல்கிறான். 'தவறான இடத்தில் நின்றிருக்கலாம்; தாழ்ந்த மனிதரல்லர்' என்று அவன் ஊரறியச் சொல்லும் சாட்சியம் அது.

கறை துடைத்த கர்ணன்

அழுவது வேறு, விடுதலை செய்வது வேறு. இந்த வேறுபாட்டை மறந்த ஒரு போக்கு நம்மிடையே வளர்ந்துள்ளது. அதை மறுக்கவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம். 1964-இல் பி.ஆர். பந்துலு இயக்கி, சிவாஜி கணேசன் நடித்த 'கர்ணன்' திரைப்படம் தமிழர் உள்ளத்தைக் கொள்ளை கொண்டது. 2012-இல் புதுப்பித்து வெளியிடப்பட்டபோதும் மக்கள் திரண்டனர். நடிப்பாலும் இசையாலும் அது சிறந்த படைப்பே. ஆனால் அதில் கொடையும் நட்பும் விண்ணளவு உயர, பிழைகள் பின்னுக்குப் போயின. மேடைப் பேச்சாளர்கள் மிச்சத்தையும் துடைத்துவிட்டார்கள். இன்று கர்ணன் என்றால் கறையே இல்லாத தியாகி.

கறையைத் துடைத்தால் என்ன கெடும் என்று கேட்கலாம். நாடகமே கெடும். குற்றமற்றவன் அநியாயமாகச் சாவது விபத்து. அதற்கு நாம் வருந்தலாமே தவிர, அஞ்சவேண்டியதில்லை. குற்றத்தில் பங்குள்ள நல்லவன் சாகும்போதுதான், நாமும் அவ்வாறு ஆகக்கூடும் என்ற அச்சம் பிறக்கிறது. நாடகத்தை விடவும் கெடுவது ஒன்று உண்டு. செஞ்சோற்றுக் கடன் என்ற சொல்லைக் காட்டி இளைஞர்களை அடியாட்களாக்கும் தலைவர்கள் எல்லாக் காலத்திலும் இருக்கிறார்கள். ஒரு வேளைச் சோறு, ஒரு நல்லது கெட்டதுக்குக் கைச்செலவு, தோளில் ஒரு தட்டு. பதிலுக்குக் கேட்கப்படுவது ஓர் உயிர். 'அண்ணன் சொன்னார், செய்தேன்' என்று நீதிமன்றத்தில் நிற்கும் இளைஞனுக்குக் கறை துடைத்த கர்ணன் முன்மாதிரியாகிவிடுகிறான். கூத்தின் கர்ணன் அப்படி ஆவதில்லை. ஏனெனில் அவன் ஆடுவது திரௌபதியின் வாசலில்.

கூத்தின் மேதைமையை நாம் இங்கேதான் காண்கிறோம். அது வழக்கு நடத்துவதில்லை, தீர்ப்பும் வாசிப்பதில்லை. மேடையைக் கர்ணனுக்குக் கொடுக்கிறது. கோயிலைத் திரௌபதிக்குக் கொடுக்கிறது. பார்ப்பவன் இரண்டுக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்திருக்கிறான். முன்னே பார்த்தால் அழவேண்டும். திரும்பிப் பார்த்தால் வெட்கப்படவேண்டும். படித்தவர்கள் நூல்களில் தேடிய நன்மை தீமை இருமையை, எழுத்தறியாக் கலைஞர்கள் இடத்தின் அமைப்பிலேயே காட்டிவிட்டார்கள்.

புரிசைத் தம்பிரான் குடும்பத்தினர் இக்கூத்தை நகரத்து மேடைகளுக்கும் கொண்டுவந்தனர். 1977-இல் கூத்துப்பட்டறையை நிறுவிய ந. முத்துசாமி போன்றோர் தெருக்கூத்தின் அருமையைப் படித்தவர்க்கு எடுத்துரைத்தனர். அரங்கத்துக்குள் ஆடப்படும்போது கலைநயம் குன்றுவதில்லை என்பதை ஒப்புகிறோம். ஆனால் அங்கே பின்னால் திரும்பிப் பார்க்கக் கோயில் இல்லை. சவம் எடுத்த வீட்டின் வாசலும் இல்லை. அவ்வாறு காண்பவர் அந்த இரண்டையும் மனத்தால் அமைத்துக் கொண்டு காணவேண்டும்.

நல்லவர்கள் எல்லாம் ஒரு பக்கம், தீயவர்கள் எல்லாம் மறுபக்கம் என்று உலகைக் கோடு கிழித்துக் காட்டுவோர் பெருகிவிட்ட காலம் இது. அக்கோடு ஊருக்குக் குறுக்கே ஓடுவதில்லை, ஒவ்வொருவனின் கல்புக்குள்ளும் ஓடுகிறது என்பதைக் கர்ண மோட்சம் நினைவூட்டுகிறது. எதிரணியில் ஒரு கர்ணன் நிற்கிறானென்றால், அவனை அங்கே துரத்திய சொல் நம் வாயிலிருந்து புறப்பட்டதா என்று முதலில் கேட்போம். நம் அணியில் நாமே கர்ணனாக நிற்கிறோமென்றால், யாருடைய மானத்தைக் கொடுத்து நம் கடனைத் தீர்க்கிறோம் என்று அடுத்துக் கேட்போம். இவ்விரு கேள்விகளையும் எழுப்பும் நாடகம் எம்மொழியில் இருந்தாலும் அது பெருநாடகமே. நம் மொழியில், நம் தெருவில் இருப்பது நம் பேறு.